தௌகித்திரரின் தாய்

எங்கள் பக்கம் கருமாதிப் பத்திரிகையை யாரும் வீட்டுக்குள் வைத்திருக்க மாட்டார்கள். படித்தவுடன் கிழித்துவிடுவார்கள். அதனால் குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்த எனக்கு உறவினர் வீடுகளில் ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை. அவிநாசியில் ஒரு பழைய அச்சகம், அடித்த ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை மாதிரிக்காகக் கோத்து வைத்திருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே தேடி என் கொள்ளுத்தாத்தாவின் பத்திரிகையைப் பிடித்தேன்.

அதில் ஆங்கிலத் தேதி இல்லை. தமிழ் வருடப் பெயர், மாதம், 'அபரபட்சம்', ஒரு திதி. அபரபட்சம் என்றால் தேய்பிறை என்று தெரிந்துகொண்டு, பழைய பஞ்சாங்கத்தை வைத்து நாளைக் கண்டுபிடித்தேன். பனியன் கம்பெனியில் ஷிப்மெண்ட் தேதிகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அது பெரிதில்லை. அடியில் மூன்று 'புத்திரர்கள்', ஏழு 'பௌத்திரர்கள்', அதாவது மகன் வழிப் பேரன்கள். கடைசியில் தனியாக ஒரு 'தௌகித்திரர்'. அகராதியைப் புரட்டினேன். மகள் வயிற்றுப் பேரன்.

கொள்ளுத்தாத்தாவுக்கு மகளே கிடையாது என்றுதான் எல்லோரும் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன். அந்த மகள் இருந்திருந்தால் அவருக்குச் சொந்த அத்தை.

"வேற சாதிக்காரங்கூடப் போனவ. அப்பவே தலமுழுவியாச்சு. அதையெதுக்கு இப்ப நோண்டற?"

"தலமுழுவின பொண்ணோட பையன் பேரப் பத்திரிகைல போட்டது யாருங்க?"

"உன்ற வெவரத்தையெல்லாம் கம்பெனில காட்டு." அவள் பெயரையும் சொல்ல மறுத்துவிட்டார். "குடும்பம் கூடற அன்னிக்கு வம்சப் படத்துல அவளப் போட்டீன்னா நான் பந்தில உக்கார மாட்டன்."

"போடத்தானுங்க போறன்."

குடும்பம் கூடும் நாளுக்காக, துணி வெட்டும் மேசையில் விரிக்கிற நீளக் காகிதத்தில் வம்சத்தை வரைந்தேன். மூன்று மகன்களுக்குப் பக்கத்தில், அதே அளவில், நான்காவது கட்டம். உள்ளே 'மகள்' என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டேன். மண்டபச் சுவரில் ஒட்டியதும் இரண்டு பேர் எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை. பெரியப்பா வந்தார். வரைபடத்துக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பந்திக்கு எழுந்திருக்கவில்லை.

பெரியம்மா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு நேராகச் சுவரிடம் வந்தார்.

"பேனாவக் குடு கண்ணு. எம் மாமியா சாவற வரைக்கும் அந்த நங்கையாள, அதான் அவங்க நாத்தனார, நெனச்சு அழுதாங்க. பேரு எனக்குத் தெரியும்."

கொடுத்தேன். முதல் எழுத்தே கட்டத்துக்கு வெளியே வந்துவிட்டது.

"கொஞ்சம் சின்னதா எழுதுங்க பெரியம்மா."

"எதுக்குச் சின்னதா? உங்க பெரியப்பா கண்ணாடி இல்லாமயே படிக்கோணும்."