சித்தியின் சாதாரண மூளை

கணக்கில் புலி என்பதற்காக வேலைக்குக் கூப்பிடப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். கணக்கு சுமாராக வருகிறது என்பதற்காகவே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீ கொடுத்து உட்கார வைக்கப்பட்டவர் எனக்குத் தெரிந்து என் சித்தி ஒருத்திதான்.

சித்திக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களின் முகத்துக்கு ஏற்ற ஃபிரேமை எடுத்துக் காட்டுவாள். காதுக்குப் பின்னால் உறுத்துகிறது என்றால் லேசாகச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பாள். கண்ணாடி துடைக்கிற மெத்தென்ற சதுரத் துணியை மடித்துப் பெட்டிக்குள் வைப்பாள். நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "வயசாயிடுச்சு போல" என்று யாராவது பெருமூச்சு விட்டால், "ஃபிரேமுக்குத்தான் வயசாயிடுச்சு, மாத்திடலாம்" என்பாள். பாதி வியாபாரம் அதிலேயே முடிந்துவிடும்.

அந்தக் கடைக்கு ஒருநாள் வடிவியல் வாத்தியார் வந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வருடம்தோறும் நடக்கும் மாணவர் கணிதப் போட்டிக்குக் கேள்வி தயாரிக்கும் குழுவில் ஒருவர். படிக்க ஒன்று, தூரத்துக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று மூன்று கண்ணாடி வைத்திருந்தார். மூன்றையும் சரிசெய்யக் கொடுத்திருந்தார். திரும்ப வாங்கித் திறந்து பார்த்தால், மூன்றுமே மாறிப்போய் வேறு வேறு பெட்டியில் இருந்தன.

சித்தி பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். அவரோ குஷியாகிவிட்டார். "பாக்காம போட்டா மூணுமே தப்பா விழறதுக்கு எவ்வளவு வாய்ப்பும்மா?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்?"

"தெரியாட்டி என்ன, போட்டுப் பாருங்க. கடையில ஆளே இல்லையே."

சித்தி மூன்று கண்ணாடியையும் மூன்று பெட்டியையும் மேசைமேல் பரப்பி, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். மொத்தம் ஆறு விதமாகப் போடலாம். மூன்றும் தப்பாக விழுவது அதில் இரண்டே விதத்தில்தான். "ஆறுல ரெண்டு. அப்படின்னா மூணுல ஒண்ணு, சார்."

வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு நிமிஷம்! பிரமாதம்!"

"விடை சரியா?"

"விடை கிடக்கட்டும்மா. ஏழு நிமிஷம்! இப்படி ஒரு ஆளைத்தான் நாங்க தேடிட்டிருந்தோம்."

அவர்கள் தேடியதற்குக் காரணம் இருந்தது. குழுவில் மூன்று பேர். வடிவியல் வாத்தியாரைத் தவிர, நிகழ்தகவில் பைத்தியமான ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். எந்த வாக்கியத்தையும் 'ஒருவேளை' என்றே தொடங்குவதால் அவருக்கு 'ஒருவேளை டாக்டர்' என்று பெயர். குழுவின் தலைவி எண்களைப் பற்றிய கேள்விகளைப் பார்த்துக்கொள்பவர். அவரை எல்லோரும் 'பகா டீச்சர்' என்பார்கள். பகா எண்ணைப் போலவே அவரும் யாருக்கும் வகுபட மாட்டார். மூவருக்கும் ஒரே வியாதி: எந்தக் கணக்கைப் பார்த்தாலும் உடனே விடை தெரிந்துவிடும். அதனால் எது பிள்ளைகளுக்குச் சுலபம், எது கஷ்டம் என்று அவர்களால் சொல்லவே முடியாது. ஒவ்வொரு வருடமும் கேள்விகளை வரிசைப்படுத்தும்போது ரகளைதான்.

அதற்குத்தான் சித்தி. சனிக்கிழமை மாலை நூலகத்தின் மாடியறையில் கூடுவார்கள். ஒரு கால் குட்டையான மேசை, அதன் கீழே முட்டுக்கொடுத்த பழைய அட்லஸ், ஒரு கெட்டில். கேள்வியைச் சித்தியின் முன்னால் வைப்பார்கள். டாக்டர் நிறுத்துகடிகாரத்தை அழுத்துவார். சித்தி சீக்கிரம் முடித்தால் அந்தக் கேள்வி தாளின் முதலில் வரும். கால் மணி நேரம் திண்டாடினால் நடுவில். பேனாவை வைத்துவிட்டு, "என்னால ஆகாது சார்" என்றால் கடைசிப் பக்கம். கேள்வி வெளியே கசியக் கூடாது என்பதால் கிறுக்கிய தாளெல்லாம் அங்கேயே கிழிபட்டு வாளிக்குள் போகும். கேள்வித்தாள் இரண்டு மொழியில் அச்சாக வேண்டும். அதைத் தட்டச்சு செய்ய மூலையில் நான் உட்கார்ந்திருப்பேன்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். சித்தியின் இந்த உத்தியோகம் அவருக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. "என்ன மேடம், இன்னைக்கு எவ்வளவு நேரம் முழிச்சீங்க? முழிக்கிறதுக்கு டீயும் பிஸ்கட்டும் தர்ற ஆபீஸ் இது ஒண்ணுதான்."

"உங்களுக்குப் பொறாமை. நாலு பேர் இருக்கிற லிஃப்ட் நடுவுல நின்னா மட்டும்தானே உங்களைத் தேடுறாங்க."

சித்திக்கு அந்த நாற்காலி எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். கடையில் பேச்சு முழுவதும் வாடிக்கையாளருடையது. வீட்டில் முழுவதும் சித்தப்பாவுடையது. அந்த மாடியில் மட்டும், அவள் பேனாவைத் திறந்தால் மூன்று பெரிய மனிதர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது. விடை வந்த பிறகும் எழுந்துபோக மாட்டாள். "இதுக்கு வேற வழி இருக்கா?" என்பாள்.

நூறு ஏழுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் விடையின் கடைசி இலக்கம் என்ன என்று ஒரு கேள்வி. சித்தி வியர்க்க வியர்க்கப் பெருக்கினாள். ஏழு, நாற்பத்தொன்பது, முந்நூற்று நாற்பத்து மூன்று. கடைசி இலக்கம் ஏழு, ஒன்பது, மூன்று, ஒன்று என்றே திரும்பத் திரும்பச் சுற்றி வருவதைப் பிடிப்பதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது. நூறு நான்கால் சரியாக வகுபடும். ஆகவே விடை ஒன்று. கணக்கு நடுப்பக்கத்துக்குப் போனது. ஆனால் டீ வந்ததும் பகா டீச்சர் அதையே ஒரு கடிகார முகமாக வரைந்து காட்டினார். வாத்தியார் விடுவாரா, அதே விஷயத்தைப் படியில் சுற்றிச் சுற்றி ஏறுவது போலக் காட்டினார். ஒருவேளை டாக்டர் பிஸ்கட்டை அடுக்கிக் காட்டினார். மூவரும் போட்டி போட்டுக்கொண்டு சொல்லிக் கொடுத்தார்கள். சித்தி தலையாட்டி வாங்கிக்கொண்டாள். வருடக்கணக்கில் இது நடந்தது.

அதன் பலன் போன வருடப் போட்டியில் தெரிந்தது.

அந்தத் தாளின் முதல் கேள்வி: ஒன்று முதல் ஐம்பது வரை எல்லா எண்களையும் பெருக்கினால் விடையின் கடைசியில் எத்தனை பூஜ்யங்கள் வரிசையாக இருக்கும்? சித்தி பெருக்கவே இல்லை. "பூஜ்யம் வரணும்னா ஒரு ரெண்டும் ஒரு அஞ்சும் சேரணும். ரெண்டுக்குப் பஞ்சமே இல்ல. அஞ்சை எண்ணினா போதும். அஞ்சோட மடங்கு பத்து இருக்கு. இருபத்தஞ்சுலயும் அம்பதுலயும் ஒரு அஞ்சு கூடுதலா ஒளிஞ்சிருக்கு. பன்னிரண்டு" என்றாள், டாக்டர் கடிகாரத்தை அழுத்திக் கையை எடுப்பதற்குள். ஆகவே அது முதலில் போனது. போட்டியன்று பிள்ளைகள் முதல் கேள்வியிலேயே இடறி விழுந்து, சுலபமான கேள்வியே வரவில்லையே என்று மிரண்டு, மிச்சத் தாளையும் கோட்டை விட்டார்கள். வாசலில் அழுதுகொண்டு நின்றவர்களைப் பெற்றோர் சமாதானப்படுத்தி அழைத்துப் போனார்கள்.

குழு கூடி அலசியது.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமை கிடையாது" என்றார் வாத்தியார்.

"ஒருவேளை அன்னைக்கு வெயில் அதிகமோ?" என்றார் டாக்டர்.

"அடுத்த வருஷமும் இப்படி ஆச்சுன்னா போட்டியையே நிறுத்திட வேண்டியதுதான்" என்றார் பகா டீச்சர்.

சித்தி படியிறங்கும்போது என் கையைப் பிடித்தாள். "தப்பு பிள்ளைங்க மேல இல்லடி. நான்தான் கெட்டுப் போயிட்டேன். எனக்கு இப்போ எல்லாம் சுலபமாத் தெரியுது."

"சொல்லிடுங்களேன் சித்தி."

"சொன்னா நாற்காலியைத் திருப்பி எடுத்துப்பாங்க."

இந்த வருடம் அவள் நடிக்கத் தொடங்கினாள். கேள்வியைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்குவாள்; கிறுக்குவாள்; அடிப்பாள்; கூரையைப் பார்ப்பாள். சிக்கல் என்னவென்றால், ஒரு சாதாரண ஆள் எவ்வளவு நேரம் திண்டாடுவார் என்பது அவளுக்கே மறந்துபோய்விட்டது. ஒரு சின்னக் கூட்டல் கணக்குக்கு அவள் விட்ட பெருமூச்சில் டாக்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிறகு அந்தச் சதுரக் கேள்வி வந்தது. ஒரு பெரிய சதுரம். அதற்குள் நான்கு பக்கத்தையும் தொடும் வட்டம். வட்டத்துக்குள் முனைகள் நான்கும் அதைத் தொடும்படி ஒரு சின்னச் சதுரம். பெரியதன் பரப்பு நாற்பது என்றால் சின்னதன் பரப்பு என்ன?

சித்தி பேனாவால் கோடு போட்டாள், அடித்தாள், மறுபடி போட்டாள். நடிப்பு பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. கடிகாரம் ஓடியது. டீ ஊற்ற எழுந்த வாத்தியார் அவள் பக்கம் வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்ன?"

அவளுடைய இடது கைக்குக் கீழே கண்ணாடி துடைக்கிற துணி இருந்தது. நான்கு முனைகளும் நடுவில் வந்து கச்சிதமாகச் சேரும்படி மடிக்கப்பட்டிருந்தது. வலது கை நடித்துக்கொண்டிருக்க, இடது கை அதன் பாட்டுக்கு விடையைப் போட்டு முடித்திருந்தது.

"துணி சார். கடைத் துணி."

"துணின்னு தெரியுது. உள்ள இருக்கிற சதுரத்தை லேசாத் திருப்பினா அதோட முனை பெரிய சதுரத்துப் பக்கங்களோட நடுவுல வந்து நிக்கும். வெளியே மிஞ்சுற நாலு மூலையையும் உள்ளே மடிச்சா சின்னதை அப்படியே மூடிடும். அதனால பாதி. இருபது. இதை எப்போ மடிச்சீங்க?"

சித்தியின் முகத்தில் ஈயாடவில்லை. "கேள்வியைப் படிச்சப்பவே சார்."

டாக்டர் கடிகாரத்தை நிறுத்த மறந்துபோனார். சித்தி எல்லாவற்றையும் சொன்னாள்: போன வருட முதல் கேள்வி, பன்னிரண்டு பூஜ்யம், பெருமூச்சு, எல்லாம்.

"ஒருவேளை நாம..." என்று தொடங்கினார் டாக்டர்.

"ஒருவேளை எல்லாம் கிடையாது. நம்ம அளவுகோல் நீண்டுபோச்சு" என்றார் பகா டீச்சர். "நீட்டினது யாரு? ஒவ்வொரு தடவையும் சுருக்கு வழியைச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

"கடிகாரம் வரைஞ்சது நீங்கதானே!" என்றார் வாத்தியார்.

"படிக்கட்டு ஏறினது யாராம்?"

மூவரும் கொஞ்ச நேரம் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள். ஆனால் முடிவு மாறவில்லை. "மன்னிச்சுக்குங்கம்மா. சோதனைக்கு இனிமே நீங்க ஆக மாட்டீங்க" என்றார் பகா டீச்சர். அவர் குரல் அத்தனை மெதுவாக வந்து நான் கேட்டதில்லை.

சித்தி துணியைப் பிரித்து உதறிப் பைக்குள் வைத்தாள். கதவு வரை போய்த் திரும்பினாள். "போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கட்டுமா? கடையில நானே நெனச்சுப் பாத்தது. நாலு கண்ணாடியோட லென்ஸ் எட்டும் ஒரே தட்டுல கலந்து கெடக்கு. பாக்காம ரெண்டை எடுக்கறோம். ரெண்டும் ஒரே கண்ணாடியோடதா இருக்க எவ்வளவு வாய்ப்பு?"

"ஏழுல ஒண்ணு" என்றார்கள் மூவரும், கோரஸ் மாதிரி.

சித்தி வாடிப்போனாள். "அவ்வளவு சுலபமா?"

"சுலபமா கஷ்டமான்னு எங்களுக்கு என்னைக்கும்மா தெரிஞ்சிருக்கு?" என்றார் வாத்தியார்.

பகா டீச்சர் எழுந்தார். சித்தியின் நாற்காலியைத் தூக்கி மேசையின் மறுபக்கம், தங்கள் மூவர் வரிசையில் கொண்டுபோய் வைத்தார். "கேள்வி நல்லாருக்கு. பழையபடி அங்க உக்கார முடியாது. இங்க உக்காரலாம்."

"அப்போ இதைச் சோதிச்சுப் பாக்க ஆளு?" என்றார் டாக்டர். "சாதாரண மூளைக்கு எங்க போறது?"

சித்தி உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "எங்க வீட்ல ஒண்ணு இருக்கு."

அடுத்த சனிக்கிழமை சித்தப்பா வேலை உடுப்போடே வந்தார். "இதுக்கு இவ்வளவு பில்டப்பா" என்று காலியாயிருந்த இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், சித்தியின் லென்ஸ் கேள்வியைப் படித்ததும் சட்டைப் பையிலிருந்து நான்கு அளவில் நான்கு போல்ட்டும் அவற்றுக்குரிய நான்கு நட்டும் எடுத்து மேசைமேல் கொட்டினார். ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஜோடி சேர்த்தார். நடுவில் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து தொடங்கினார். "யாரும் பேசாதீங்க" என்று, யாரும் பேசாதபோது அதட்டினார். கடைசியில் நிமிர்ந்தார். "மொத்தம் இருபத்தெட்டு ஜோடி. சரியானது நாலு. அப்போ ஏழுல ஒண்ணு."

"பத்தொன்பது நிமிஷம்!" டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அற்புதம் சார்! அற்புதம்!"

சித்தியின் கேள்வி தாளின் நடுப்பக்கத்துக்குப் போனது. நான்தான் இரண்டு மொழியிலும் தட்டச்சு செய்தேன். பூஜ்யக் கணக்கின் சின்னத் தம்பி ஒன்றை முதலில் போட்டிருந்தார்கள்; சித்தப்பா மூன்று நிமிடத்தில் முடித்தது அது. டீ வந்தபோது வாத்தியார் பென்சிலைக் கையில் எடுத்து, "சார், இதுக்கே ஒரு சின்ன வழி..." என்று வாயெடுத்தார். சித்தி அவர் முன்னால் பிஸ்கட் தட்டைத் தள்ளினாள். பகா டீச்சர் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது சித்தப்பாவுக்குத் தலை கால் புரியவில்லை. "பாத்தியா, அற்புதம்னு சொன்னார். நான் கெட்டிக்காரன்தானே?"

"இல்லங்க. ரொம்ப ரொம்பச் சாதாரணம். அதனாலதான் அடுத்த வாரமும் வரச் சொல்லிருக்காங்க."

"இருக்கட்டும். ஆமா, அந்த வாத்தியார் என்னமோ சொல்ல வந்தாரே. இதுக்கு வேற வழி இருக்கா?"

சித்தி என்னைப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்தேன்.

"ஒரு வழியும் இல்ல. எண்ணித்தான் ஆகணும்" என்றாள்.

வாசலில் செருப்பைக் கழற்றினோம். கதவோரம் வீட்டுச் செருப்புகள் ஜோடி கலைந்து கிடந்தன. சித்தப்பா குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தவர், அப்படியே நின்றார். கையிலிருந்த ஒற்றைச் செருப்பையும் தரையில் கிடந்தவற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏய், இங்க வா. இப்போ முதல்ல எதை எடுத்தா என்ன? ஒண்ணைக் கையில எடுத்துட்டா, அதுக்கு ஜோடின்னு மிச்சத்துல..."

சித்தி பாய்ந்து வந்து செருப்பைப் பிடுங்கினாள்.

"நின்னுகிட்டு யோசிக்காதீங்க. உள்ள வாங்க, சாப்பாடு ஆறுது."