மஜீத் ராவுத்தரின் வாயும் மாத்திரையும்

பொள்ளாச்சிப் பக்கத்துக் கோபாலபுரத்தில் மஜீத் ராவுத்தர் கடையில் வேட்டி வாங்கப் போகிறவர்களுக்கு வாயில் தெம்பு வேண்டும். விலையைக் குறைக்கச் சொன்னால் போதும், மனுசன் வந்தவருடைய மாமனார் வரைக்கும் இழுத்துவைத்துக் கிண்டல் பண்ணுவார். வீட்டிலும் அதே கதைதான். சோற்றுக்கு ஊற்றிய ஆணத்தில் உப்புக் கம்மி என்று அவர் ஆரம்பித்தால், பெண்டாட்டி கௌலத் அவரைப் பெற்ற அத்தா காலத்திலிருந்து குறைகளை எடுத்து எண்ணித் தீர்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் சண்டை போட்டே சௌக்கியமாக இருந்தார்கள்.

மொழிவாரியாக மாநிலம் பிரிந்த மறுவருசம் அவருக்கு வலிப்பு வந்தது. துணி அளந்துகொண்டிருந்தவர் கஜக்கோலோடு சாய்ந்துவிட்டார். பேய்க்கோளாறு என்று ஊர் வாயைத் திறப்பதற்குள் கௌலத் வண்டி பிடித்துப் பொள்ளாச்சி டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலிப்பு நின்றது. கூடவே ராவுத்தரின் வாயும் நின்றுபோனது.

உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினார். கேட்ட விலைக்குத் துணியைக் கிழித்துக் கொடுத்தார். கடையில் கூட்டம் அள்ளியது, அள்ளாமல் என்ன செய்யும்! வீட்டில் எதைச் சொன்னாலும் "சரி புள்ள"தான். பொய் சொல்வானேன், முதலில் கௌலத்துக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பாத்துவோ, "எங்கூட்டுக்காரருக்கும் அதுல ரெண்டு வாங்கியாடி" என்று கெஞ்சாத குறை.

ஒருநாள் கௌலத் வேண்டுமென்றே உப்பே போடாமல் ஆணம் வைத்தாள். ராவுத்தர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, "நல்லாருக்கு புள்ள" என்று கை கழுவப் போனார்.

மறுபடியும் பொள்ளாச்சிக்குப் போனார்கள். வேறு மாத்திரை இருக்கிறது, இவ்வளவு தூக்கம் வராது என்றார் டாக்டர். ஆனால் பல் ஈறு தடிக்கலாம். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், மாற்றுகிற சமயத்தில் வலிப்பும் எட்டிப்பார்க்கலாம். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

வராந்தாவில் உட்கார்ந்து கேட்டாள். "ஏனுங்க, என்ன பண்ணலாம்?"

"உன் இஷ்டம் புள்ள."

"விழுந்து மண்டையில அடிபட்டுட்டா?"

"சரி புள்ள" என்று அவள் தோளிலேயே தூங்கிப்போனார்.

இந்த ஆள் உசுரோடு இருந்தால் போதும் என்று அல்லாவிடம் துவா கேட்டவள்தான் அவள். இப்போது அது போதவில்லையே, என்ன செய்ய! எழுந்துபோய், "மாத்திக் குடுங்க டாக்டர்" என்றாள்.

புது மாத்திரையில் அவர் கண் தெளிய ஆரம்பித்த நேரம் பார்த்து, ஒரு காலையில் வலிப்பு வந்தது. கௌலத் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துணியை மடித்துக் கொடுத்து, அடங்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள். அவர் தெளிந்து எழுந்து உட்கார்ந்ததும் சொன்னாள்: "போதுமுங்க. பழசுக்கே போயிரலாம். நீங்க தூங்குங்க, கடைய நான் பாத்துக்கறேன்."

"யாரக் கேட்டு முடிவு பண்ணுன?" என்றார் ராவுத்தர். குரல் இன்னும் கரகரவென்றிருந்தது. "எந்தலை என்ன உங்கத்தா குடுத்த சீதனமா? டாக்டர்கிட்ட நானே பேசிக்கறேன். நீ பொத்திக்கிட்டு இரு!"

கௌலத்துக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் விடுவாளா? "எங்கத்தாவ எதுக்கு இழுக்கறீங்க? அவரு குடுத்த கட்டில்லதான இத்தன வருசம் மல்லாந்து கெடக்கறீங்க!"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பாத்து ஓடிவந்தாள். "ஐயோ, என்னாச்சுடி?"

"ஒண்ணுமில்ல. நாங்க சண்ட போட்டுட்டிருக்கறோம், நீ அப்பறமா வா" என்று கௌலத் கதவைச் சாத்தினாள்.