தென்கிழக்கை விடாத முள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். யுத்த காலத்தில் விமானத் தளத்தில் கருவிகளைப் பழுது பார்த்தவன். நான் சோதித்துக் கொடுத்த காம்பஸ் அரை டிகிரி பிசகியதாக எவனும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

யுத்தம் முடிந்து ஏழெட்டு வருடம் இருக்கும். பாம்பனில் லாஞ்சு என்கிற மோட்டார் படகு ஒன்றுக்கு, ஏலத்தில் எடுத்த விமானத்து மின்சாரக் காம்பஸைப் பொருத்தியிருந்தார்கள். பேட்டரி கொடுத்தால்தான் அதன் முள் அசையும். லாஞ்சை ஓட்டுகிற காசிம் பாயின் தம்பி ஜமால், வள்ளத்தோடு காணாமல் போய் மூன்று நாள். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, உடல் இல்லாமலே அவனுக்கு இறுதித் தொழுகையான ஜனாஸா வைப்பதென்று ஊரில் முடிவாகிவிட்டது. காசிம் பாய் மட்டும் சம்மதிக்கவில்லை, தேடப் போகிறேன் என்று நின்றார். வெளிக்கடலில் ஒரே மூடாக்கு. காம்பஸைப் பார்த்து நான் கையெழுத்துப் போடாமல் லாஞ்சு நகரக்கூடாது என்று அதன் முதலாளி கண்டிப்பாகச் சொல்லி, என்னை வரவழைத்திருந்தார்.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து காசிம் பாய் இஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பினார். கலங்கரை விளக்கத்தைக் குறியாக வைத்து லாஞ்சை எட்டுத் திசைக்கும் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். திருப்பினோம். வடக்கைக் காட்ட வேண்டிய முள், எந்தப் பக்கம் திருப்பினாலும் சுற்றி வந்து தென்கிழக்கில் நின்றது. எனக்கு வந்த கோபம்! பேட்டரியைப் பார்க்கக் குனிந்தால் அந்த இடம் காலி.

"பேட்டரி எங்க பாய்?"

"சோதிக்கும்போது இரும்பே இருக்கக்கூடாதுன்னு நீங்கதானண்ணே எப்பவும் சொல்லுவீக? நங்கூரம், கத்தி, பேட்டரிப் பெட்டி எல்லாத்தையும் படகுத்துறை ஜெட்டியில எறக்கி வச்சுட்டோம்."

பழைய காந்தக் காம்பஸுக்கு அதுதான் வழக்கம், அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் மின்சாரமே இல்லாத முள் எப்படி நகரும்? வயரையும் பிடுங்கிப் பார்த்தேன். அப்போதும் தென்கிழக்குதான்.

காசிம் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அது காட்டுற பக்கமே போவோம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பொய்க் கையெழுத்து நான் போட்டதே இல்லை. 'முள் தென்கிழக்கைக் காட்டுகிறது. நானும் கூடப் போகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஜெட்டியில் நின்ற முதலாளியின் ஆளிடம் கொடுத்தேன். நான் எழுதிய காகிதங்களிலேயே பெருமையானது அதுதான், இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன். பேட்டரியை ஏற்றக் காசிம் பாய் விடவில்லை. ஏற்றினால் முள் மாறிவிடுமோ என்ற பயம்.

ஒன்றரை மணி நேரம் ஓடியிருப்போம். கவிழ்ந்த வள்ளத்தின் மேல் ஜமால் குப்புறக் கிடந்தான். உயிர் இருந்தது. காசிம் பாய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார், நானும் அழுதேன்.

மறுநாள் பேட்டரியை மாட்டிச் சோதித்தபோது எட்டுத் திசையும் அச்சுப் பிசகாமல் இருந்தது. முந்தின நாள் பேட்டரி இல்லாமல் முள் நின்றதைக்கூட ஏதோ கோளாறு என்று தள்ளிவிடுவேன். ஆனால் அவனை லாஞ்சில் ஏற்றித் தண்ணீர் கொடுத்ததும் ஜமால் என்னைக் காட்டி அவன் அண்ணனிடம், அவன் வழக்கில் காக்காவிடம், கோபித்துக்கொண்டானே, அதை என்ன சொல்ல?

"விடிஞ்சதுலருந்து இவரு லாஞ்சு முன்னால நின்னு கை காட்டிக்கிட்டேதான வந்தாரு? கிட்ட வர இம்புட்டு நேரமா காக்கா?"

அவன் அதற்கு முன் என்னைப் பார்த்ததே இல்லை. அன்று விடியும்போது நான் பரமக்குடியிலிருந்து வரும் ரயிலில் தூங்கிக்கொண்டிருந்தேன்.