கையுறைக்குக் கைதட்டினேன்

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் வந்து, "நல்ல எண்ணத்திலதானே செஞ்சீங்க" என்று என்னைத் தேற்ற வேண்டாம். என் நல்ல எண்ணத்தைப் பார்த்து, போன விரல் திரும்பி வந்துவிடுமா?

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூரில் எண்ணெய் பீப்பாய் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான் நர்ஸ். கேட்டை ஒட்டி எனக்கு ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு அலமாரி, டிஞ்சர் பாட்டில், ஊசியைக் கொதிக்க வைக்க ஒரு பாத்திரம், காயங்களை எழுதி வைக்க ஒரு பதிவேடு. ராயபுரத்திலிருந்து காலை பஸ் பிடித்து வருவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கையைக் கிழித்துக்கொண்டு வருகிறவனுக்கு மருந்துக்கு முன்னால் திட்டு விழும். "கண்ணு இன்னா பிடரியிலயா கீது?" என்று ஆரம்பித்தால், கட்டுப் போட்டு முடிக்கிறவரை ஓயமாட்டேன். அதற்குப் பயந்தே பாதிப் பேர் என் அறைப் பக்கம் வருவதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதுவரை எங்கள் தொழிற்சாலையில் பாதுகாப்பு என்றால், ஆயுத பூஜையன்று ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பூசணிக்காய் உடைப்பதுதான். பூசணிக்காய் உடைத்தும் அடிபட்டால் அது அவனவன் தலையெழுத்து. அப்படிப்பட்ட இடத்துக்குப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் வந்து சேர்ந்தார். காசிமேட்டுக்காரர். கப்பல்களின் இன்ஜின் அறையில் பல வருஷம் வெந்துவிட்டுக் கரைக்கு வந்தவர். ஆட்கள் அவரை 'சேப்டி சார்' என்றார்கள். வந்ததும் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டி, மைக் பிடித்துப் பேசுவார் என்று நினைத்தோம். மனுஷன் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் நாள் கணக்கில் உட்கார்ந்தார். கேட்டது ஒரே கேள்வி.

"இந்த மிஷினாண்ட உனக்கு எது பயமாக் கீது?"

தகரம் வெட்டுகிற செக்‌ஷனில் முதல் ஆள் சிரித்துவிட்டான். "எனக்கு எங்கூட்டுக்காரியாண்டதான் பயம் சார்!"

அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் எழுந்து போகவில்லை. மூன்றாம் நாள் அதே ஆள் அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினான். வெட்டு மெஷினுக்குக் கீழே காலால் மிதிக்கிற பெடல். அதன்மேல் ஒரு துண்டுத் தகரம் தவறி விழுந்தால் போதும், யாரும் மிதிக்காமலே கத்தி இறங்கும். "எத்தினியோ வருசமா இப்டித்தான் கீது சார். யாரும் கேட்டதில்ல, நாங்களும் சொன்னதில்ல" என்றான். அன்று சாயங்காலத்துக்குள் உடைந்த பீப்பாயை வெட்டிப் பெடலுக்கு மேல் ஒரு மூடி வைத்தார்கள். எவ்வளவு உயரம், கால் எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்று சொன்னது அந்த ஆள்தான். சேப்டி சார் தலையை மட்டும் ஆட்டினார். வேலை செய்கிறவனுக்குத்தான் அந்த வேலையின் ஆபத்து தெரியும் என்பதை ஒரு அதிகாரி நம்பி நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக நடந்தது. பெயின்ட் அடிக்கிற இடத்தில் ஆட்களுக்கு ஓயாத தலைவலி. சுவரை இடித்துக் காற்றுக்கு வழி செய்தார். செக்‌ஷனுக்கு ஒரு தொழிலாளியும் நானும் சேர்ந்து ஒரு கமிட்டி. சனிக்கிழமை நாலு மணி டீயில் 'தப்பிச்ச கதை' என்று ஒன்று வைத்தார். அந்த வாரம் மயிரிழையில் தப்பியவன் எழுந்து சொல்ல வேண்டும். சொன்னவனுக்கு ஒரு மசால்வடை கூடுதல். "பீப்பா மேலேர்ந்து வந்துகினே கீது மாமு, நான் பீடி வுய்ந்துடுச்சேன்னு குனிஞ்சேன், தல தப்பிச்சுது!" என்று ஒருவன் நடித்துக் காட்ட, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார். திங்கட்கிழமை அந்தப் பீப்பாய் அடுக்கைச் சுற்றிச் சங்கிலி ஏறியிருக்கும்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குப் பொறாமையாக இருந்தது. பத்து வருஷமாகக் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பவள் நான். நேற்று வந்தவருக்கு இவ்வளவு மரியாதையா? என் பங்குக்கும் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று கமிட்டியில் எழுந்தேன். ஆறு மாசம் ஒரு காயம்கூட இல்லாத செக்‌ஷனுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் குடம் கொடுக்கலாம் என்றேன். மேனேஜர் மகிழ்ந்துபோனார். சேப்டி சார் மோவாயைச் சொறிந்தார்.

"குடம் குடுத்தா காயம் நிக்காதும்மா. காயத்த வந்து சொல்றதுதான் நிக்கும்."

"சார் குடுக்கிற மசால்வடை மட்டும் இனிக்குது, என் குடம் கசக்குதா?" என்று மடக்கினேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதிவேடு காலியாகிக்கொண்டே வந்தது. அதிலும் தகரம் வெட்டுகிற செக்‌ஷன், பதினெட்டுப் பேர், ஐந்து மாசம் தாண்டியும் ஒரு கீறல்கூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் செக்‌ஷனில் ஒருவன் இருந்தான். என்னைவிட ரொம்பச் சின்னவன் என்பதால் அவன் என்றே சொல்கிறேன். அதிகம் பேசமாட்டான், வேலையில் கெட்டிக்காரன். சேப்டி சார் வாங்கிக் கொடுத்த தோல் கையுறைகளை மற்றவர்கள் இடுப்பில் செருகிக்கொண்டு, வியர்த்தால் அதில் முகம் துடைத்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் திடீரென்று காலையிலிருந்து சாயங்காலம்வரை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டிருந்தான். டீ குடிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. ஒரு சனிக்கிழமை டீயில் அவனை எல்லாருக்கும் முன்னால் இழுத்து நிறுத்தினேன்.

"பாருங்கப்பா, இவனப் பாத்துக் கத்துக்குங்க. எல்லாரும் ஒரு தபா கைதட்டுங்க!"

நான்தான் முதலில் தட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கூச்சம் என்று நினைத்தேன். அவன் செக்‌ஷன் ஆட்கள்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ராயபுரத்தில் பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து வழிமறித்தாள்.

"அக்கா, எங்கூட்டுக்காரருக்கு நேத்து கைதட்டுனது நீங்கதானே?"

"ஆமாம்மா. தங்கமான புள்ள" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். "அந்த கிளவுஸுக்குள்ள கை அழுகிகினு கீதுக்கா. தகரம் கிய்ச்சு ஒம்போது நாளாவுது. மஞ்சளும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டிகினு, அது மேல கிளவுஸ மாட்டிகினு போறாரு. மத்தவங்க தகரத்தத் தூக்கிக் குடுக்கறாங்களாம், இவரு சும்மா நின்னுகினு கீறாராம். வெளிய தெரிஞ்சா செக்சனுக்கே குடம் பூடுமாம். இவரு தோஸ்து பொண்ணுக்குக் கல்யாணம், சீர்ல அந்தக் குடத்தயும் சேத்துட்டாங்களாம். இன்னும் பன்னெண்டு நாளுதான், வாயத் தொறக்காதன்னாரு. என்னால முடியலக்கா."

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், நெற்றி கொதித்தது. கட்டை அவிழ்த்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் கறுத்திருந்தன. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கையே போகலாம், ஆளே போகலாம். அவன் என்னைப் பார்த்துக் கெஞ்சினான்.

"எய்திடாதீங்க நர்ஸம்மா. பன்னெண்டு நாளு பொறுத்துக்குங்க. பதினெட்டு வூட்டுக் குடம்."

"குடமாடா இப்ப? எந்திரி!" என்று கத்தினேன். கத்தியது அவன்மேல் வந்த கோபத்தால் அல்ல. எனக்கு என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ரிக்‌ஷா பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாள் தள்ளி வந்திருந்தால் கை இருந்திருக்காது என்றார் டாக்டர். இரண்டு விரலை எடுத்தார்கள். கை பிழைத்தது.

திங்கட்கிழமை மேனேஜர் என் பதிவேட்டைப் புரட்டினார். "இதில் ஒன்றும் இல்லையே. வீட்டில் அடிபட்டிருப்பான். அதற்கு நாம் பொறுப்பில்லை. வெட்டு மெஷினுக்கு இனி அவன் உதவவும் மாட்டான்" என்றார். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. காயம் எழுத்தில் இல்லை என்றால் அவனுக்கு வேலையும் இல்லை. மூன்று விரலோடு வேறு எந்தத் தொழிற்சாலை அவனை வா என்று கூப்பிடும்?

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். காயம் பட்ட தேதியின் பக்கத்தில் கீழே நாலு வரிக்கு இடம் இருந்தது. அன்றே வந்து சொன்னதுபோல எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துச் சேப்டி சார் உள்ளே வந்தார். பேனாவைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார்.

"வேணாம்மா. இத்தப் பொய்யா எய்தினா, நெசமா எய்தினதும் பொய்யாப் பூடும். அவனுங்களே வந்து சொல்லட்டும்."

"எப்படி சார் சொல்வாங்க? சொன்னா குடம் கிடைக்காதே!"

"நீங்க போய்க் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பத்து வருஷத்தில் அவர்கள் இடத்துக்குப் போய் நான் எதையும் கேட்டதில்லை. அவர்கள்தான் என் அறைக்கு வந்து திட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். எழுந்து நடந்தேன். தகரச் சத்தத்துக்கு நடுவே நின்று தொண்டை கிழியச் சொன்னேன். "குடம் என் யோசனை. கைதட்டினதும் நான். அவன் விரல் போனதுக்கு நான்தான் காரணம். அவனுக்கு இங்கதான் அடிபட்டுதுன்னு யாராவது சொல்லலன்னா அவனுக்கு வேலை போயிடும். சொன்னா உங்களுக்குக் குடம் கிடையாது. என்னால வேற ஒண்ணும் சொல்ல முடியல."

பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்த அந்த நண்பர்தான் முதலில் மெஷினை நிறுத்தினார்.

"குடத்தப் பத்தி இன்னாத்துக்கும்மா பேசிகினு கீற? என் கண்ணு முன்னாலதான் கிய்ச்சுது. சுண்ணாம்பு வச்சுக் கட்டுனதே நான்தான். எய்திக்கோ."

ஒவ்வொரு மெஷினாக நின்றது. பதினேழு பேரும் என் பின்னால் வந்தார்கள். என் அறை கொள்ளாமல் கேட்வரை வரிசை நின்றது. காயம் பட்ட தேதி, சொன்ன தேதி, இரண்டையும் உள்ளது உள்ளபடி எழுதி, பதினேழு பேரிடமும் கையெழுத்தோ ரேகையோ வாங்கினேன். கையெழுத்துப் போட்ட ஒருவன் போகாமல் நின்றான். பேன்ட்டைச் சுருட்டி ஒரு வெட்டுக்காயத்தைக் காட்டினான். "இது போன மாசம் நர்ஸம்மா." அடுத்தவன் நகம் போன விரலைக் காட்டினான். இன்னொருவனுக்குக் கண்ணில் இரும்புத் தூள் போய் மூன்று வாரம். சத்தியமாகச் சொல்கிறேன், ஒருத்தனைக்கூட நான் திட்டவில்லை. பதிவேட்டில் நாலு பக்கம் நிறைந்தது.

மேனேஜர் பார்த்துவிட்டு, "ஒரே நாளில் இத்தனை விபத்தா?" என்று குதித்தார்.

"விபத்தெல்லாம் பழசு சார். வந்து சொன்னாங்க பாருங்க, அதுதான் புதுசு" என்றார் சேப்டி சார். விரல் போனவனுக்காக அவர் தினமும் மேனேஜர் அறைக்குப் போனார். முகம் சுளித்தாலும் போனார், உட்காரச் சொல்லாவிட்டாலும் போனார். குடம் யாருடைய யோசனை என்று மேலிடத்தில் கேட்டபோது, "கமிட்டியோடது" என்றார். "என்னோடது" என்று நான் குறுக்கே விழுந்து சொன்னேன். அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அந்தப் பதினேழு பேரையும்தான்.

நாலு மாசம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பினான். எல்லாச் செக்‌ஷனுக்கும் போய், மெஷின்களின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. வந்த வாரமே ஒரு நாள் என் அறை வாசலில் நின்றான். உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. நானே எழுந்து போனேன். இடது கட்டைவிரலை நீட்டினான்.

"கீறல், நர்ஸம்மா. மூடியோட ஓரம் பட்டுது. எய்திக்கிறீங்களா?"

பஞ்சுகூடத் தேவைப்படாத கீறல். உட்கார வைத்துத் துடைத்தேன். தேதி போட்டேன், நேரம் போட்டேன், எந்த மெஷின், எந்த ஓரம் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். கடைசியில் பேனாவை அவனிடம் கொடுத்தேன். வலது கையில் மிச்சமிருந்த மூன்று விரலால் பிடித்து, மெதுவாகக் கையெழுத்துப் போட்டான்.