தவசி கேட்ட பேய்க்கதை

மிளகாய் மூட்டையைத் தராசில் ஏற்றிவிட்டு, கொண்டுவந்த சம்சாரிக்கு எந்த ஊர் என்று கேட்பார் தவசி. அடுத்த கேள்வி, “உங்க ஊர்ல பேயி எந்த மரத்துலண்ணே?” மூட்டை இறங்குவதற்குள் பேயின் பெயர், அது செத்த காரணம், பயந்து ஓடியவன் பெயர் எல்லாம் எடைச் சிட்டையின் பின்பக்கத்தில் ஏறிவிடும்.

திருமங்கலம் கமிஷன் மண்டியில் எடை போடுவது அவர் வயிற்றுக்கு. மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை வரும் ‘கம்மாய்க்கரை’ பத்திரிகைக்கு ஊர்க்கதை எழுதுவது திமிருக்கு. “சாமியப் பத்திக் கேட்டா சண்டை வரும். பேயப் பத்திக் கேட்டா ஊரே உக்காந்து பேசும்” என்பார்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. இன்று கப்பலூரில் இரண்டு இரும்புப் பட்டறை; காலேஜ் படித்த நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். எழுத்துக்கூட்டி நான் முழுசாகப் படிக்கும் ஒரே புத்தகம் இந்தக் ‘கம்மாய்க்கரை’தான். மெட்ராஸ் பத்திரிகையில் தப்பு இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? இதில் எங்கள் கம்மாய்க்கு ஐந்து மடை என்று போட்டால், நாலுதான் என்று அடித்துச் சொல்வேன். அந்தச் சுகத்துக்குத்தான் வாங்குகிறேன். எல்லோரும் அதற்குத்தான் வாங்குகிறார்கள், ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

போன பங்குனியில் தவசி எழுதும் ஊர்க்கதையில் எங்கள் ஊர் முறை வந்தது. தவசிக்கும் அதுதான் ஊர். வீடு, நிலம், பெண்டாட்டி எல்லாம் அங்கேதான். வடக்குத் தெருவுக்கும் எங்கள் தெற்குத் தெருவுக்கும் எமர்ஜென்சியில்கூட அடங்காத வழக்கு ஒன்று உண்டு. முதலில் குடிவந்தது யார் பூட்டன்? அவன் வகையறாவுக்குத்தான் கோயில் பொங்கலில் முதல் பரிவட்டம். அச்சில் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று இரண்டு தெருவும் தவசிக்குக் கோழி அடித்துப் போட்டது. மனுஷன் இரண்டு பக்கமும் சாப்பிட்டார். பரிவட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. புளியமரத்துப் பேய் ஒச்சாயியைப் பற்றி மட்டும் கேட்டார்.

வடக்குத் தெருக் காளை, தன் பூட்டன் வந்த அன்றைக்கே அவளை மரத்தோடு ஆணியடித்தார் என்று அளந்தார். நான் விடுவேனா? எங்கள் பூட்டன் வந்திறங்கி வண்டிமாட்டை அவிழ்க்குமுன் செய்த முதல் வேலையே அதுதான் என்றேன்.

புத்தகம் வந்தது. எழுத்துக்கூட்டினேன். இரு தெருப் பூட்டன்மாரும் வரும்போதே ஒச்சாயி அந்த இடத்தில் ஆடு மேய்த்து, வாழ்ந்து, செத்து, பேயாகவும் ஆகிவிட்டாளாம். ஆகவே ஊரின் முதல் குடி அவள்தானாம்.

மறுநாள் காளையும் நானும் மண்டியில் போய் நின்றோம். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறியது ஆயுசிலேயே அன்றைக்குத்தான். அடுத்த மாதம் மறுப்புப் போடாவிட்டால் பொங்கலுக்கு மட்டுமில்லை, என்றைக்குமே ஊருக்குள் கால் வைக்க முடியாது என்றார் காளை. என் பங்குக்கு நானும் கத்தினேன்.

தவசி நிதானமாக மூட்டையை இறக்கினார்.

“நீங்க சொன்னதத்தானண்ணே எழுதுனேன். மறுப்பு வேணும்னா போட்டுருவோம். எங்க பூட்டன் பேய அடக்குனாருன்னு சொன்னது பொய்யின்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. உங்க பேரோட அச்சுல வரும். ரெண்டு பேர்ல மொதல்ல யாரு?”

பேனாவை மூடி கழற்றி, எங்கள் இருவருக்கும் சரிநடுவில் மேஜைமேல் வைத்தார்.