தேயாத டயர்கள்

எங்கள் கார் டயர்களைப் பற்றி என் வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்டால், பெற்ற பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்த கதையைச் சொல்கிறாரோ என்று நினைப்பீர்கள். கார் வாங்கி ஏழு வருடம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்குப் போகும், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகும். மற்ற நாளெல்லாம் கணபதியில் வீட்டை ஒட்டிய எங்கள் பட்டறை வாசலில் வெயிலில் நிற்கும். மாதத்துக்கு ஒருமுறை அவர் பட்டறைக்குள்ளிருந்து ஆழம் அளக்கும் கேஜை எடுத்து வந்து டயர் பள்ளங்களில் விட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டு, புதுசு கணக்காகவே இருக்கிறது என்று எனக்கும், பக்கத்துப் பட்டறைக்காரருக்கும், சும்மா அந்த வழியாகப் போகிறவருக்கும் சொல்வார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட மனிதர்.

இந்த ஆனி மாதம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. வங்கியில் கிளர்க்காகச் சேர்ந்தவள், ஐம்பது தாண்டிய பிறகு ஒரு கிளைக்கு மேனேஜர். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் பிடுங்கியவர்கள். அவர்கள் மகளுக்குக் கதவு வைத்த தனி அறை. வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்ல நான் ஒன்றும் துறவி இல்லை. எனக்கு அந்த அறை வேண்டும் என்று ஆசை தொண்டை வரைக்கும் இருந்தது.

சிக்கல் என்னவென்றால் கிளை வாளையாருக்கு அந்தப் பக்கம், பாலக்காட்டுச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ரயிலில் போனால் இறங்கிய பிறகு பஸ்ஸுக்குத் தவம் கிடக்க வேண்டும். காரில்தான் போய்வர வேண்டும். சம்மதமா இல்லையா என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் அது என் வேலை. ஆனால் நான் ஓட்டியதெல்லாம் கோயமுத்தூருக்குள். இங்கே ஆனி ஆடியில் காற்றுதான் ஆளைத் தள்ளும். மழை என்று வந்தால் முகத்தில் தெறிக்கும் சாரல். வாளையாரைத் தாண்டினால் வானம் வேறு. அங்கே கொட்டுகிற கொட்டில் வைப்பர் ஒரு பக்கம் துடைத்து முடிப்பதற்குள் மறுபக்கம் மறைந்துவிடும்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லமாட்டார்கள். "அந்த மழையில நீ ஓட்டிப்போடுவியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அப்படியானால் போய்ப் பார்த்துவிடலாம் வாருங்கள் என்று சனிக்கிழமை காலையில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினேன்.

எட்டிமடை வரைக்கும் நன்றாகத்தான் போனோம். வாளையார் தாண்டியதும் மழை பிடித்தது. முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. நானும் பிரேக்கை அழுத்தினேன். கார் கேட்கவில்லை. சோப்புத் தண்ணீரில் கால் வைத்தது போல வழுக்கிக்கொண்டே போய், லாரிக்குப் பக்கவாட்டில் திரும்பி, சாலையோரத்தில் ஒரு நேந்திரம் சிப்ஸ் கடைக்கு நேர் எதிரே போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர் நாங்கள் சிப்ஸ் வாங்கத்தான் அவ்வளவு அவசரமாக வந்தோம் என்று நினைத்து எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் இறங்கிப்போய், கேட்ட மனிதர் முகம் வாடக்கூடாதே என்று அரைக் கிலோ வாங்கி வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேஜை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான்கு டயரையும் அளந்துவிட்டு வந்து, "டயரு நல்லாத்தான் இருக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். டயர் நன்றாக இருந்தால் அப்புறம் யார் நன்றாக இல்லை என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட மோசம், உள்ளுக்குள் நானும் அதை நம்பத் தொடங்கியதுதான். அந்த அரைக் கிலோ சிப்ஸையும் நான் ஒருத்தியே தின்று தீர்த்தேன்.

மறுநாள் பூசை முடிந்து கோவில் வளாகத்தில் நின்றபோது செய்தி எனக்கு முன்பே அங்கே வந்திருந்தது. ஒருவர் அகலமான டயர் போடச் சொன்னார். இன்னொருவர் டிக்கியில் மணல் மூட்டை வைக்கச் சொன்னார். செபமாலையைக் கண்ணாடியில் தொங்கவிடச் சொன்ன அம்மாளிடம், அது ஏற்கெனவே தொங்குகிறது என்றேன். பங்குச் சாமியார் மட்டும், கடவுளும் கொஞ்சம் பிடிமானம் இருந்தால்தான் நிறுத்துவார் என்று சொல்லிவிட்டு அடுத்த பூசைக்குப் போனார்.

திங்கட்கிழமை ஆபீஸ் கிளம்பும் முன் பட்டறைக்கு டீ கொண்டுபோனேன். எங்கள் பட்டறையில் செய்வது பம்புக்குள் போடும் ரப்பர் வாஷர்கள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு வாஷரின் மேலும் ஹார்ட்னஸ் மீட்டரை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கைக்கடிகாரம் மாதிரி முகமும் அடியில் சின்ன முனையும் உள்ள கருவி அது. ரப்பர் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று முள் காட்டும். நாலைந்தைக் கழித்துச் சாக்கில் வீசினார். புதுசாகத்தானே இருக்கிறது, ஏன் வீசுகிறீர்கள் என்று கேட்டேன். ஜன்னலோரம் வெயிலில் கிடந்து இறுகிப்போய்விட்டது, பார்க்கத்தான் புதுசு, தண்ணீருக்கு நிற்காது என்றார்.

டீ டம்ளரை அப்படியே வைத்தேன். "ஏனுங்க, அந்த மீட்டரை எடுத்துட்டு ஒரு நிமிஷம் வாசலுக்கு வாங்க" என்றேன்.

அவர் காரின் முன் டயரில் அதை வைத்து அழுத்தினார். முள் அறுபதைச் சுற்றி நிற்கும் என்று எதிர்பார்த்திருப்பார் போல. அது எண்பதுக்கு மேலே போய் நின்றது. இன்னொரு முறை அழுத்தினார். மற்ற மூன்றையும் பார்த்தார். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். ரப்பர்காரர் வீட்டு டயர் கல்லாகிக் கிடந்தது. தேய்மானம் இல்லைதான். ஓடினால்தானே தேய்வதற்கு. ஏழு வருட வெயிலை மட்டும் குடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அவர் எழுந்து என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு வந்தது. "இது வாஷரா இருந்திருந்தா அப்பவே சாக்குல போட்டிருப்பேன்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே ஆட வேண்டும் போல இருந்தது. அந்த வழுக்கல் என் தப்பு இல்லை.

அன்று சாயங்காலமே துடியலூர்ப் பக்கம் டயர் கடைகளுக்குப் போனோம். அவர் சட்டைப் பையில் மீட்டர். முதல் கடைக்காரர் பார்த்ததும் அதிக வருடம் உழைக்கிற டயரைத்தான் எடுத்துப் போட்டார். இங்கே எல்லோரும் அதைத்தான் கேட்பார்களாம். அதிகம் உழைக்கிற டயரை நான் கேட்கவில்லை, மழையில் பிரேக் போட்டால் நிற்பதைக் கேட்கிறேன் என்றேன். அதற்குள் என் வீட்டுக்காரர் குனிந்து ஒவ்வொரு டயராக மீட்டரை வைத்து அழுத்தத் தொடங்க, நாங்கள் ஏதோ சோதனைக்கு வந்த ஆட்கள் என்று பயந்து கடைக்காரர் காப்பி வரவழைத்துவிட்டார்.

அடுத்த கடையில் அவருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. டயரின் பக்கவாட்டில் எந்த வருடம், எத்தனையாவது வாரம் செய்தது என்று எண் இருக்கும். அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கடையிலேயே கிடந்து பழசானதையெல்லாம் தள்ளினார். அகலமான டயர் வேண்டாம், காருக்குச் சொன்ன அளவே போதும் என்றார். பிறகு ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று நினைத்தேன். டயரை நிமிர்த்தி வைத்து மேலே ஊற்றி, பள்ளங்களில் தண்ணீர் எந்த வழியாக ஓடி வெளியே போகிறது என்று உட்கார்ந்து பார்த்தார். பம்புக்காரருக்குத் தண்ணீர் போகிற வழி தெரியாமல் தூக்கம் வராது. நேராக ஆழமான பள்ளங்களும், ஓரத்துக்குச் சாய்ந்து போகிற வாய்க்கால்களும் கொண்ட ஒரு டயரில் அவர் கை நின்றது. மீட்டரின் முள்ளும் அதில்தான் இறங்கி நின்றது.

கடைக்காரர் நல்ல மனுஷர். மழைக்கு இதுதான் சரி, ஆனால் மெத்தென்ற ரப்பர், நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் தேயும் என்று உண்மையைச் சொன்னார். என் வீட்டுக்காரர் டயர் மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"தேயறதுக்குத்தானுங்க டயரு" என்றேன்.

அந்தக் கையால் டயரை ஒருமுறை தட்டினார். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, நான்கும் மாட்டிவிடச் சொன்னார். பழைய டயர்கள் கழன்று விழுந்தபோது மட்டும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு மறுபடியும் கிளம்பினோம். அன்று மழை சொல்லிவைத்த மாதிரி வாளையாரிலேயே காத்திருந்தது. கஞ்சிக்கோடு அருகே ஆட்டுக் கூட்டம் ஒன்று சாலையில் இறங்கியது. பிரேக்கை அழுத்தினேன். கார் நேராக, நான் நினைத்த இடத்தில் நின்றது. ஆடுகள் எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் கடந்து போயின. நான் கோவில் பாடற்குழுவில் முப்பது வருடமாகப் பாடுகிறவள். அதற்குப் பிறகு மழைச் சத்தத்துக்கு மேலே வாய்விட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினேன். மூன்றாவது பாட்டில், பக்கத்தில் அவர் போட்டுக்கொண்டிருந்த தாளம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தால், ஓடும் வண்டியில் கண் மூடியே பழக்கமில்லாத மனிதர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கிளை வாசலில் நிறுத்தியதும் விழித்துக்கொண்டார். சின்னக் கட்டடம். பக்கத்தில் ஒரு மளிகைக் கடை, அதன் முன்னே ஒரு பெரிய மாமரம். நான் ஜன்னலை இறக்கி, என் அறை எதுவாக இருக்கும் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் குடையை விரித்துக்கொண்டு இறங்கி மளிகைக் கடைக்குப் போனார். கடைக்காரரிடம் பேசுவது மழையிலும் எனக்குக் கேட்டது.

"இந்த பேங்குக்கு இனி எங்க ஊட்டுக்காரம்மாதானுங்க மேனேஜரு. தெனமும் கோயமுத்தூர்ல இருந்து அவங்களே கார் ஓட்டிட்டு வருவாங்க. வண்டியை இந்த மரத்தடியில நிறுத்திக்கட்டுங்களா?"

கடைக்காரர் தாராளமாக நிறுத்திக்கொள்ளச் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் அடக்க முடியவில்லை. நான் இன்னும் யாருக்கும் சம்மதம் சொல்லியிருக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் என் வீட்டுக்காரர் பொய் சொன்னவராக ஆகிவிடக்கூடாதே என்று, அவர் குடையோடு திரும்பி வருவதற்குள் போனை எடுத்து, சம்மதம் என்று ஆபீசுக்கு அனுப்பினேன்.