இடது கையும் சிவந்திருந்தது

ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா. அவரிடம் படிக்கும் இரண்டு டாக்டர்கள். என் வீட்டுக்காரர். நான்.

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் எங்கள் இஸ்திரி வண்டி. இருபது வருடமாகக் கரிப்பெட்டியால் தேய்க்கிறேன். போன வருடம் பெட்டியைத் தூக்க முடியவில்லை. பிறகு தலை வார முடியவில்லை. தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். கண் இமை ஊதாவாகிவிட்டது. விரல் முட்டிகள் சிவந்து தடித்தன. கரி அனல் என்று நினைத்து இரண்டு மாதம் கற்றாழை தடவினேன்.

"நெருப்பாண்டயே நிக்கிறா டாக்டரம்மா. அதான் செவந்துகீது," என்றார் வீட்டுக்காரர். "ஒரு களிம்பு குட்த்தா போதும்."

டாக்டரம்மா என் கைகளை மேசைமேல் வைத்தார்.

"எந்தக் கையில தேய்க்கிறீங்க?"

"சோத்தாங்கை."

"இடது கை?"

"துணியை நீவும். பெட்டியாண்ட போவாது."

"அப்போ இதுலயும் ஏன் அதே எடத்துல சிவந்திருக்கு?"

பார்த்தேன். என் கைதான். நான் பார்த்திருக்கவில்லை.

நகத்தின் அடியை லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். படிக்கிறவர்களையும் பார்க்கச் சொன்னார். பிறகு, "கையைக் கட்டிக்கிட்டு நாற்காலியிலேருந்து எழுந்திருங்க," என்றார்.

ஒரு தடவைகூட முடியவில்லை.

வீட்டுக்காரரிடம் திரும்பினார். "எழுந்திருக்கத் தொடையில பலம் வேணும். தொடையாலயா தேய்க்கிறாங்க?"

"இல்லீங்க."

"உடம்பைக் காக்கிற சக்தியே சொந்தத் தசையை எதிரின்னு நெனச்சு அடிக்குது. தோல் அதைக் காட்டுது. டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்கலாம்."

ரத்தம் எடுத்தார்கள். தசையில் ஊசி குத்தி மெஷினில் பார்த்தார்கள். தொடையில் மிளகளவு சதை வெட்டினார்கள். இந்த நோயோடு சிலருக்கு உள்ளே கட்டியும் வருமாம்; அதையும் தேடினார்கள், இல்லை. மற்றதெல்லாம் அவர் சொன்னபடியே வந்தது. விரல் முட்டியைப் பார்த்துத் தொடைக்குள் நடப்பதைச் சொல்லியிருக்கிறார். சாமி முன்னால்கூட நான் அப்படி மலைத்து நின்றதில்லை.

மாத்திரை கொடுத்தார். வெயில் கூடாது என்றார். "கையைக் கட்டிக்கிட்டு பத்து தடவை எழுந்து காட்டுங்க. அப்புறம் பெட்டியைத் தொடலாம்."

வீட்டுக்காரர் வண்டிக்குமேல் தார்ப்பாயை இரண்டாக மடித்துக் கட்டினார். "மகாராணிக்குப் பந்தல் போட்டாச்சி," என்றார். தேய்ப்பதும் அவரே. பாதிச் சட்டைகளில் மடிப்பு கோணல்.

ஆறாம் மாதம் அதே அறை, அதே நாற்காலி. கையைக் கட்டிக்கொண்டேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் எண்ணினார்.

பதினொன்று.